இடச்சுழி, வலச்சுழி, வட்டம்

ஜனவரி 9

அக்கா,

இதை யாருக்கும் காட்டாதே. உன் அறைத்தோழிக்கும் வேண்டாம், உன் பேராசிரியைக்கும் வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்துவிடு. கிழித்த துண்டுகளை ஒரே குப்பைக்கூடையில் போடாதே. சிரிக்காதே, எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இங்கே உன் பெயரை எடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அம்மா மட்டும் எப்போதாவது "பெரியவ" என்பாள், அதுவும் அப்பா கண்ணாடிக் கடைக்குப் போன பிறகு. தேர்வு வருகிறதென்று என் போனை அப்பா கடை மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறார். அதனால்தான் கடிதம். எல்லாரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் போர்வையைத் திட்டு.

விஷயத்துக்கு வருகிறேன். குண்டூசியை ஞாபகம் இருக்கிறதா? அடுத்த தெரு, ஒல்லி, வாயைத் திறந்தால் குத்துவாள். நானும் அவளும் பள்ளிக் கணினி அறையில் உட்கார்ந்து, உன் பல்கலைக்கழகத்தின் ஐந்து வருட இயற்பியல் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதினோம். அவள் சும்மா துணைக்கு. நான் தேறிவிட்டேன் அக்கா! தேறிவிட்டேன்! இதை இதுவரை சத்தமாகச் சொல்லவில்லை, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒரு தடவை சொன்னதோடு சரி.

நேர்முகத் தேர்வு மார்ச் கடைசி வாரம். போகாவிட்டால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அவர் எனக்குக் கணக்கியல் என்று முடிவு செய்துவிட்டார். "காலேஜ் விட்டா கடை, கடை விட்டா வீடு. உனக்கு என்னம்மா கவலை?" என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார், அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

எனக்குக் கேலக்ஸிகள் வேண்டும். போன மாதம் மொட்டைமாடியில் ஆண்ட்ரோமெடாவைக் கண்டுபிடித்தேன். கையால் துடைத்துவிடலாம் போல ஒரு மங்கல். அந்த வெளிச்சம் கிளம்பியபோது உலகத்தில் நம்மைப் போல் மனிதர்களே இல்லையாம்! அது எனக்காகக் கிளம்பியதாக நான் நினைத்துக்கொண்டேன். தப்பா?

நேர்முகத்தில் என்ன கேட்பார்கள் என்று எழுது. குண்டூசி வீட்டு முகவரிக்கு அனுப்பு.

எலி


ஜனவரி 20

எலிக்குட்டி,

கிழிக்கவில்லை. தலையணை உறைக்குள் இருக்கிறது. நாலு தடவை படித்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

அடி பாவி, நீ தேறிவிட்டாயா? பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு அழுத நீயா? எழுந்து போய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அறைத்தோழி "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். "எங்க வீட்டு எலிக்கு இறக்கை முளைச்சிடுச்சு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், சத்தியம்.

நேர்முகத்தில் என் பேராசிரியை, எங்கள் மேடம், இருப்பார். பாடப்புத்தகத்தை ஒப்பித்தால் அவருக்குக் கொட்டாவி வரும். "நீயா பார்த்தது என்ன?" என்றுதான் கேட்பார். அதனால் உனக்குப் பார்க்க வேலை தருகிறேன். எனக்கும் உதவி வேண்டியிருக்கிறது.

இதோடு இருக்கும் தாள்களில் கட்டம் கட்டமாக இருப்பவை சுருள் கேலக்ஸிகள். ஒவ்வொன்றிலும் பல கோடி நட்சத்திரங்கள். கைகள் கடிகார முள் போகிற பக்கம் சுழல்வது போலத் தெரிந்தால் வலச்சுழி, எதிர்ப்பக்கம் என்றால் இடச்சுழி. தெரியவில்லை என்றால் வட்டம் போடு. எண்ணுக்கு நேரே விடையை எழுதி அனுப்பு, தாள்கள் உன்னிடமே இருக்கட்டும். யாரிடமும் கேட்டுப் போடாதே. படம் பார்க்கிறவர்கள் தனித்தனியாகப் பார்த்தால்தான் கணக்கு செல்லும், அது எங்கள் விதி. என்னோடு பார்த்துக்கொண்டிருந்தவன் வேறு ஆராய்ச்சிக்குத் தாவிவிட்டான்.

எதற்கு இதெல்லாம் என்பாய். பிரபஞ்சத்தில் எந்தத் திசைக்கும் தனிச் சலுகை கிடையாது என்பதுதான் நாங்கள் படிக்கும் அண்டவியலின் அஸ்திவாரம். அப்படியென்றால் இடமும் வலமும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. கேட்க எளிமை. கண் எரியும்.

அம்மா எப்படி இருக்கிறாள்? அப்பாவைக் கேட்கவில்லை.

அக்கா


பிப்ரவரி 2

அக்கா! அக்கா! அக்கா!

இவ்வளவு அழகாக இருக்கும் என்று நீ ஏன் முன்னாலேயே சொல்லவில்லை? ஒன்று வடிகாலில் இறங்கும் சோப்பு நுரை போல இருக்கிறது. ஒன்றுக்கு ஒரே ஒரு கைதான், இன்னொரு கையை எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்தது போல. ஒன்று பக்கவாட்டில் படுத்துக்கொண்டு முகத்தைக் காட்டவே மாட்டேன் என்கிறது.

இதைக் கேள். ஐந்தாவது தாளைப் பார்க்கும்போது திடீரென்று தோன்றியது. நமக்கு இடமாகத் தெரிகிற கேலக்ஸியை அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வலமாகத்தானே தெரியும்? அப்படியென்றால் இடச்சுழி என்பது அந்தக் கேலக்ஸியின் குணமே இல்லை, நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தின் குணம்! அந்தப் பக்கம் ஒருத்தி போர்வைக்குள் உட்கார்ந்து வலம் என்று எழுதிக்கொண்டிருக்கலாம். எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னொரு விஷயம், இது பயங்கரம். கணக்குப் புத்தகத்துக்குள் ஒரு தாளை வைத்திருந்தேன். அப்பா புத்தகத்தைத் தூக்கினார், தாள் விழுந்தது. என் உயிரும் விழுந்தது.

"என்னம்மா இது? டிசைனா?"

"ஆமாம்பா. டிராயிங் வகுப்புக்கு."

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நன்றாகப் பார்த்தார். "பாத்ரூம் ஜன்னலுக்குப் போடலாம். உள்ள இருக்கறது வெளிய தெரியாது. ஆனா யாரும் வாங்க மாட்டாங்க, தலை சுத்துது" என்றார். பிறகு தாளை மடிக்காமல், ஓரம் கசங்காமல், அதே பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைத் தூக்கிப் பழகிய கை.

அவரிடம் பொய் சொன்னேன்.

விடைகள் இதோடு. ஒன்றைக்கூட விடவில்லை! எல்லாவற்றுக்கும் இடமோ வலமோ போட்டுவிட்டேன். பாராட்டு.

எலி


பிப்ரவரி 10

எலி,

உட்கார்ந்து படி. இடச்சுழிதான் அதிகம்.

கொஞ்சம் இல்லை, நிறைய. தற்செயலாக வரும் வித்தியாசம் என்று ஒதுக்க முடியாத அளவு. முதலில் கூட்டலில் தப்பு என்று நினைத்தேன். மூன்று தடவை கூட்டினேன், அதேதான் வந்தது. இது உண்மையென்றால் பிரபஞ்சத்துக்கு ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது. அஸ்திவாரத்தில் ஒரு விரிசல், அதை முதலில் பார்த்தது நானும் பென்சில் கடிக்கும் என் தங்கையும்!

அடுத்த வாரம் துறைக் கருத்தரங்கில் சொல்லப் போகிறேன். "கொஞ்சம் பொறு" என்றார் மேடம். எதற்குப் பொறுப்பது? இன்னொரு கட்டு அனுப்பியிருக்கிறேன், அதையும் பார். அவசரம். நேர்முகத்தில் இதைச் சொன்னால் அவர்களே எழுந்து உனக்கு நாற்காலி போடுவார்கள்.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

இரண்டாவது கட்டையும் முடித்துவிட்டேன். இதிலும் இடம்தான் அதிகம் என்று நினைக்கிறேன், நானே எண்ணிப் பார்த்தேன். எண்ணக் கூடாதா? சில படங்கள் எங்கேயோ பார்த்த முகம் போல இருந்தன. கூட்டத்தில் ஒருவரைப் பார்த்து, யார் என்று பிடிபடாமல் தவிப்போமே, அப்படி. கண் அசதியாக இருக்கும்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கால் தரையில் இல்லை. வகுப்பில் வேதியியல் ஆசிரியை கேள்வி கேட்டதற்கு "இடம், மிஸ்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. குண்டூசி எனக்குக் "கோணல் பிரபஞ்சம்" என்று பெயர் வைத்திருக்கிறாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவோடு துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன், "வானத்தைப் படிச்சா அப்பாவுக்கு ஏம்மா பிடிக்கல?"

அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "படிப்பு மேல யாருடி கோவப்பட்டா? உங்க அக்கா படிப்பை மாத்திக்கிட்டு, ஒரு வருஷம் முழுக்க இன்ஜினியரிங் படிக்கறேன்னு போன்ல கதை விட்டாளே, அதுதான். இந்த மனுஷன் கண்ணாடி வாங்க வர்றவங்ககிட்ட எல்லாம் 'எம் பொண்ணு மெஷின் செய்யப் போறா'ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. கடைசியில யாரோ ஒரு வாடிக்கையாளர் சொல்லித் தெரிஞ்சுது. மூஞ்சிய எங்க வெச்சுக்குவாரு?"

எனக்கு இது தெரியாது அக்கா. நீ வானியல் படித்ததால்தான் சண்டை என்று நினைத்திருந்தேன். நீயும் அப்படித்தான் என்னிடம் சொன்னாய்.

இதைச் சொல்லிவிட்டு அம்மா என் தலையணையைத் தட்டிச் சரி செய்தாள். அதற்குக் கீழேதான் தாள்கள் இருந்தன. பிறகு துணிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கருத்தரங்கு எப்படி நடந்தது? உடனே எழுது.

எலி


பிப்ரவரி 27

கருத்தரங்கு எப்படி நடந்தது என்று கேட்டிருந்தாய்.

நான் பேசி முடித்ததும் மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "படத்தைத் திருப்பிப் பார்த்தியா?" உனக்கு அனுப்பிய இரண்டாவது கட்டு புதிய படங்கள் இல்லை. அதே பழைய படங்கள்தான். இடம் வலமாக மாற்றி, வரிசையைக் கலைத்துவிட்டு அனுப்பச் சொல்லியிருந்தார் மேடம். பிரபஞ்சம் நிஜமாகவே இடப்பக்கம் சாய்ந்திருந்தால், திருப்பிய படங்களில் நீ வலம் அதிகமாகச் சொல்லியிருக்க வேண்டும். உன் விடைகள் வரும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்காமல் மேடை ஏறிவிட்டேன். "அனுப்பியிருக்கேன், விடை இன்னும் வரல" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

சில நாளில் உன் விடைகள் வந்தன. மறுபடியும் இடம். எப்படித் திருப்பினாலும் உனக்கு இடம்தான். சாய்ந்திருந்தது பிரபஞ்சம் இல்லை, நீ.

நீ ஒழுங்காகப் பார்க்கவில்லை. இடம், இடம் என்று தள்ளிவிட்டிருக்கிறாய். விளையாட்டாக நினைத்திருந்தால் முதலிலேயே சொல்லியிருக்கலாம். இதில் என் ஒரு வருட உழைப்பு இருக்கிறது. உனக்குக் கணக்கியல்தான் சரி போலிருக்கிறது.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு இப்போது பதில் எழுத முடியாது.


மார்ச் 4

அக்காவுக்கு,

இரண்டு நாள் உனக்கு எழுதவே கூடாது என்று இருந்தேன். குண்டூசி உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "உங்க அக்காவுக்கு வாய் எங்க பக்கத்து வீட்டு நாய் மாதிரி" என்றாள். நான் அவளோடும் சண்டை போட்டேன். உன்னைத் திட்ட அவள் யார்? நான் திட்டுவேன்.

நீ என்னிடம் சொல்லாமல் திருப்பி அனுப்பினாயே, அது சரியா? சரிதான், அப்படித்தான் செய்ய வேண்டும் என்று பிறகு புரிந்தது. ஆனால் முதலில் எரிச்சலாக இருந்தது. எங்கேயோ பார்த்த முகம் என்று எழுதினேனே, அப்போதாவது உனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

நான் விளையாடவில்லை. ஒவ்வொரு படத்தையும் பார்த்தேன். எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். இரண்டு கட்டுத் தாள்களையும் தரையில் பரப்பினேன். பதில் இருந்த இடம் தெரியுமா? வட்டம்!

நான் ஒரு வட்டம்கூடப் போடவில்லை. ஒன்றைக்கூட விடவில்லை என்று பெருமை வேறு. பன்னிரண்டு வருடமாகப் பள்ளியில் சொல்லித் தந்தது அதைத்தானே? தெரியாவிட்டாலும் எதையாவது எழுது, காலியாக மட்டும் விடாதே. வட்டம் போட்டால் மதிப்பெண் போய்விடும் என்று என் கை தானாகவே பயந்திருக்கிறது. மங்கலாக, குழம்பிக் கிடந்தவற்றுக்கெல்லாம் ஏதோ ஒன்று போட்டிருக்கிறேன். ஏதோ ஒன்று போட வேண்டும் என்றால் என் கண் இடம் என்கிறது. ஏன் என்று தெரியவில்லை. இது கேலக்ஸியின் கோளாறு இல்லை, என் கோளாறு. ஆனால் எவ்வளவு சுவாரசியமான கோளாறு!

கடையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து வந்து, முதல் கட்டின் ஒவ்வொரு படத்தையும் நேராகவும் கண்ணாடியிலும் பார்த்தேன். நேரில் இடம் என்று தோன்றியது கண்ணாடியில் வலம் என்று தோன்ற வேண்டும். இரண்டிலும் இடம் என்றே தோன்றினால் எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம், வட்டம். ஏகப்பட்ட வட்டம் விழுந்தது. முதல் வட்டம் போடும்போது கை கூசியது. பிறகு பழகிவிட்டது, நிம்மதியாகக்கூட இருந்தது.

மிச்சம் இருந்ததை எண்ணினேன். இடமும் வலமும் கிட்டத்தட்டச் சமம் அக்கா! நாணயம் சுண்டினால் வருகிற அளவு வித்தியாசம்தான். எண்ணி முடித்ததும் அறைக்குள்ளேயே குதித்தேன். கீழே இருந்து அப்பா, "யாரு மேல ஓடறது?" என்றார். "எலிப்பா" என்றேன். அது பொய் இல்லை.

புது விடைகள் இதோடு. கடைசியாக ஒன்று கேட்கிறேன். நூற்றுக்கணக்கான படங்களில் ஒரு வட்டம்கூட இல்லை என்பது என் முதல் பட்டியலைப் பார்த்தபோது உன் கண்ணில் ஏன் படவில்லை? நீதானே வட்டம் போடச் சொன்னாய்? உனக்கும் இடம் அதிகமாக வர வேண்டும் என்ற ஆசை இருந்தது. நானாவது பள்ளிக்கூடம் மேல் பழி போடலாம்.

எலி


மார்ச் 11

எலிக்குட்டி,

நீ சொன்னது சரி. முதல் பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நான் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தேன். கணக்கியல் என்று எழுதியதற்கு என்னை நாலு அறை அறையலாம். நேரில் வந்து அறை.

உன் கடிதத்தைக் காட்டவில்லை, விடைகளை மட்டும் மேடத்திடம் கொடுத்தேன். கண்ணாடி விஷயத்தையும் உன் கடைசிக் கேள்வியையும் சொன்னேன். மேடம் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நியாயமாத்தானே கேட்டிருக்கா? பதில் சொல்லு" என்றார். பிறகு என் கண்ணையும் உன் முறையில் சோதிக்கச் சொன்னார், சோதித்தேன். எனக்கும் இடப்பக்கச் சாய்வு இருக்கிறதடி! நம் குடும்பமே சாய்வுதான் போல. பார்க்கிறவர்களின் சாய்வை எப்படி அளந்து கழிப்பது என்பதும் இனி என் ஆராய்ச்சியில் ஒரு பகுதி. விரிசல் கிடைக்கவில்லையே என்று எனக்கு வருத்தமே இல்லை. யோசித்துப் பார். கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரம், ஒன்றையொன்று பார்த்தே இராத கேலக்ஸிகள், சொல்லி வைத்தாற்போல் பாதிக்குப் பாதி. யாருக்கும் சலுகை இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

இப்போது காரியம். உன் நேர்முகம் 27ஆம் தேதி காலை. 26ஆம் தேதி மாலை ரயிலில் ஏறு, குண்டூசி வீட்டில் தங்கப் போவதாகச் சொல்லிவிடு. விடியற்காலை நிலையத்தில் நான் நிற்பேன். இடம் கிடைத்த பிறகு அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் சொன்னால் போகவே விடமாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.

டிக்கெட் உள்ளே இருக்கிறது.

அக்கா


மார்ச் 21

அக்கா,

தேர்வு முடிந்துவிட்டது. நன்றாக எழுதினேன். ஒரு கேள்வியைக் காலியாக விட்டேன், வேண்டுமென்றே. குண்டூசி கேட்டுவிட்டு மயங்கி விழாத குறை.

டிக்கெட் கிடைத்தது. அந்த ரயிலில்தான் வருவேன். ஆனால் நீ சொன்ன மாதிரி வரமாட்டேன்.

நாலு நாளாக யோசித்தேன். உனக்கு அப்பாவைத் தெரியும் என்று எழுதியிருந்தாய். நீ போகும்போது இருந்த அப்பாவை உனக்குத் தெரியும். நானும் சொல்லாமல் வந்து, வேறு யாரோ சொல்லி அவருக்குத் தெரிந்தால், இந்த வீட்டில் இனி யார் பேச்சையும் அவர் நம்பமாட்டார். பிறகு நீ எப்படி இந்த வீட்டு வாசலுக்கு வருவாய்? எனக்கு இடம் கிடைக்க வேண்டும். உன்னையும் வேண்டும். இரண்டும் வேண்டும் என்றால் நானே அவரிடம் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்பார், கத்துவார், டிக்கெட்டைக் கிழித்தாலும் கிழிப்பார்.

இன்று சாப்பிடும்போது ஆரம்பித்தேன்.

"அப்பா."

"என்னம்மா?"

"தண்ணி."

செம்பை என் பக்கம் நகர்த்திவிட்டு என்னையே பார்த்தார். "ரெண்டு மாசமா நீ சரியில்ல. டிராயிங் வகுப்புல ஏதாவது பிரச்சனையா?" என்றார். அம்மா அடுப்படிக்குள் எதையோ சத்தமாகத் தேய்த்தாள். "இல்லப்பா" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடி வந்துவிட்டேன். நான் ஒரு கோழை.

ஆனால் மேலே வந்ததும் பயத்தோடு இன்னொன்றும் இருந்தது. அவருக்கு எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று ஒரே பரபரப்பு. தாள்களை, ஒற்றைக் கை கேலக்ஸியை, கண்ணாடித் துண்டு எதற்கு என்று, இடமும் வலமும் சமம் என்று. கண்ணாடியைப் பற்றி அவருக்குத் தெரியாததா? அவர் ஏதாவது கேள்வி கேட்பார், நான் பதில் சொல்வேன், அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். அந்த இடம் வரை என்னால் பார்க்க முடிகிறது. அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று தெரியவில்லை.

நாளைக் காலை கடை திறப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவேன். உனக்குக் கடிதம் எழுதுவதையும் சேர்த்து. நீ கோபித்துக்கொண்டாலும் சரி. 27ஆம் தேதி விடியற்காலை நிலையத்தில் நில். நான் தனியாக இறங்கினாலும் சரி, யாரோடாவது இறங்கினாலும் சரி, நீ ஓடி ஒளியக் கூடாது. இதை மட்டும்

அக்கா, மாடிப்படியில் செருப்புச் சத்தம். அம்மா இப்படி நடக்கமாட்டாள். வழக்கமாக இந்த இடத்தில் டார்ச்சை அணைத்துவிட்டுத் தூங்குவது போல நடிப்பேன். இன்று அறை விளக்கையே போட்டுவிட்டேன். தாள்கள் எல்லாம் கட்டில் மேல்தான் இருக்கின்றன, எடுத்து வைக்கவில்லை. வெளியே நிற்கிறார், விளக்கைப் பார்த்திருப்பார். தட்டுகிறார். "எலி, தூங்கலயாம்மா?" என்கிறார். கதவைத் திறக்கப் போகிறேன்.